அரிசியில் பதிந்த கை

அம்மா,

இன்று காலை அரிசி டிரம்மைத் திறந்தேன். உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் நேற்றோடு கிளம்பிவிட்டார்கள். காரியத்துக்கென்று தனியாக வாங்கிய அரிசியும் தீர்ந்துபோயிற்று. இந்த டிரம், நீ ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் உன் கையாலேயே கொட்டி மூடி வைத்தது. நீ ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் வீட்டில் உலையே வைக்கவில்லை, அதற்குப் பிறகும் இதை யாரும் தொடவில்லை. மூடியை எடுத்ததும் புழுங்கலரிசி வாசனை வந்தது. எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அரிசியைச் சமமாக நிரவி, நடுவில் ஒரு கை பதித்திருந்தது. நாலு விரலும் நேராக, சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கம் கோணிக்கொண்டு.

அந்தக் கோணல் விரல் எனக்குத் தெரிந்து ஒருத்திக்குத்தான் உண்டு.

முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை, சந்தேகம். அப்பாவின் வீட்டில் வளர்ந்தவளுக்கு வேறு என்ன வரும். இந்த அசோக் நகர் வீட்டில் எட்டு வருஷம் என்னோடு இருந்தாய். யாருக்காக இந்தக் கையைப் பதித்தாய்? பாத்திரம் தேய்க்க வருகிற கன்னியம்மாவையா சந்தேகப்பட்டாய்? என் மகள் செல்வியையா? இல்லை, என்னையேவா? அப்பா செய்துகொண்டிருந்த காரியம் இது. அவர் போய் இத்தனை வருஷம் கழித்து நீ ஏன் செய்தாய்? கேட்பதற்கு நீ இல்லை. இருந்திருந்தாலும் நேராகப் பதில் சொல்லியிருக்க மாட்டாய். அதனால்தான் உலை வைப்பதை விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

மந்தைவெளியில் நாம் குடியிருந்த ஒற்றை அறை உனக்கு மறந்திருக்காது. ஒரே முற்றத்தைச் சுற்றி ஏழு குடித்தனம், ஒரே குழாய். நமக்கு அடுத்த அறையில் ஒரு தையல்காரர் குடும்பம். அவர் மனைவியை எல்லாரும் பீபிம்மா என்று கூப்பிடுவோம். அவர்கள் அறைக்கும் நம் அறைக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. நம் வீட்டில் விழுந்த ஒவ்வொரு அடியும் அந்தப் பக்கம் கேட்கும். ஆனாலும் ஏன் என்று வந்து கேட்டவர் யாரும் இல்லை. புருஷன் பெண்டாட்டியை அடிப்பது அந்த முற்றத்தில் ஒரு விஷயமே இல்லை. குழாயடியில் ஒருத்தி குடத்தை இன்னொருத்தி நகர்த்தி வைத்தால் மட்டும் ஏழு குடித்தனமும் வெளியே வந்து பஞ்சாயத்துப் பேசும்.

அப்பாவுக்கு மாம்பலத்தில் ஒரு துணிக் கிடங்கில் வேலை. மூட்டைகளைக் கட்டி, முடிச்சின்மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைக்க வேண்டும். மறுநாள் காலையில் அந்த முத்திரை கலைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதை அவர் கிடங்கோடு விட்டுவிட்டு வரவில்லை. நல்லெண்ணெய் பாட்டிலில் கரிக்கோடு போட்டு வைப்பார். டிரங்குப் பெட்டியின் பூட்டில் ஒரு நூலைச் சுற்றிவிட்டுப் போவார். காலையில் அன்றைக்கு வேண்டிய அரிசியைத் தானே அளந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, பானையில் மிச்சமிருக்கிற அரிசியை நிரவி, தன் கையை அழுத்திப் பதித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பானையைத் திறந்து பார்ப்பார்.

அடி எப்போது விழும் என்பதற்கு ஒரு முறையும் கிடையாது என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். முறை இருந்தது. நீ எதையாவது நல்லது என்று சொல்லிவிட்டால் போதும். வாசலில் உடைந்த சட்டியில் ஒரு மல்லிச் செடி வைத்திருந்தாய். ஒரு நாள், "நல்லா பூக்குதுங்க" என்றாய். "யாருக்குப் பூக்குது?" என்று கேட்டு வேரோடு பிடுங்கி முற்றத்தில் போட்டார். உன் அண்ணன் கொடுத்த பச்சைப் புடவையைத் தடவிப் பார்த்து, "சாயம் போவல பாருங்க" என்று சொன்னாய். அடுத்த வாரம் அது அடுப்பு துடைக்கிற துணியாகிவிட்டது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியபோது, செங்கல்பட்டில் உன் அண்ணன் வீட்டுக்குப் போகலாம், நல்ல மனுஷர், பார்த்துக்கொள்வார் என்றாய். மயிலாப்பூரில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது, நாம் மட்டும் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தோம். குண்டுக்குப் பயப்படாத அப்பா உன் அண்ணனுக்குப் பயந்தார்.

அதற்கு அடுத்த வருஷமோ அதற்கும் அடுத்ததோ, ரேஷன் அரிசிக் காலம். எனக்குப் பத்து வயது. பசி என்றால் அப்போது எனக்கு வயிற்றில் இல்லை, காதில் இருந்தது. யார் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டாலும் அந்தப் பக்கம் திரும்புவேன். ஒரு மத்தியானம் நீ குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாய். நான் பானையைத் திறந்து ஒரு பிடி அரிசியை வாயில் போட்டுக்கொண்டேன். பச்சையாகவே மென்று விழுங்கினேன். பிறகு அரிசியை அழகாக நிரவி, என் கையை வைத்து அழுத்தினேன். என் புத்தி அவ்வளவுதான். பானைக்குள் ஒரு கை இருக்க வேண்டும், கை வைத்தாயிற்று. கைக்கு அளவு என்று ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் அப்பா பானையைத் திறந்து குனிந்தபடியே நின்றார். நீ அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாய். சின்னக் கை தெரிந்திருக்கும். அவர் திரும்புவதற்குள் நீ என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தாய். விளையாட்டு அடி இல்லை அது. காது அடைத்துப்போயிற்று.

"திருட்டுக் கழுத. இதாங்க துன்னுட்டு இருக்குது. இத இன்னிக்குக் கொன்னு போடுங்க" என்றாய்.

அப்பா உன் கையைத் தட்டிவிட்டார். "நிறுத்துடி. நீ துன்னுட்டு கொழந்த மேல போடறியா? அது கையப் புடிச்சு அரிசில அமுக்கி வச்சிட்டு நாடகமா ஆடற? எனக்கு இன்னா கண்ணு அவிஞ்சா பூடுச்சு?"

கண்ணெதிரே என் கை பதிந்திருந்தது. அதை அவர் நம்பவில்லை. அவ்வளவு வெளிப்படையாக ஒரு விஷயம் இருந்தால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்பது அவர் புத்தி. என்னை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு இடுப்பு வாரைக் கழற்றினார். நீ சுவரோடு ஒண்டிக்கொண்டு அடி வாங்கினாய். வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் வலி இருந்தது, கூட இன்னொன்றும் இருந்தது. கணக்குப் பாடத்தில் விடை கிடைத்துவிட்ட பிள்ளை முகத்தில் வருமே, அது. அன்று எனக்கு அது விளங்கவில்லை. நீ என்னைக் காட்டிக்கொடுத்தாய் என்பது மட்டும்தான் விளங்கியது.

அன்றிலிருந்து உன் வாய் மாறிப்போயிற்று. அப்பா வீட்டில் இருந்தால் போதும், என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வராது. தலைமுடி தேங்காய் நார் என்பாய். நடை ஆம்பிளை நடை என்பாய். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் சமயம் வந்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு வருஷமும் அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பிப்பாய்.

"படிச்சு இன்னா கிழிக்கப் போவுது இது. நிறுத்திடுங்க. வூட்டு வேலைக்கு எனக்கு ஒரு கை கொறையுது."

அப்பா சோற்றைப் பிசைந்தபடி உன்னை நிமிர்ந்து பார்ப்பார். "ஏன், இது வூட்டப் பாத்துகினு இருந்தா நீ ஊர் சுத்தலாம்னா? ஒண்ணும் வாணாம். அது ஸ்கூலுக்கே போவட்டும்."

நான் மூலையில் பாவாடைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். முற்றத்தில் என் வயதுப் பெண்கள் எல்லாரும் அஞ்சாவதோடு நின்றுவிட்டார்கள். பீபிம்மாவின் பெண் அதுவும் இல்லை. எனக்குப் பள்ளிக்கூடம் ஒன்றுதான் அந்த அறைக்கு வெளியே இருந்த இடம். அங்கே யாரும் யாரையும் அடித்துச் சுவரோடு சாய்க்கவில்லை. அதை என்னிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறவள் நீ, காப்பாற்றுகிறவர் அவர். இப்படித்தான் அம்மா நான் நம்பினேன். உன்னை வெறுத்தேன். இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன், இருந்தாலும் எழுத்திலும் இருக்கட்டும்.

அப்பா இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். சாயங்காலம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்பார், "உங்கம்மா இன்னிக்கு எங்க போச்சு? யாரு வந்தாங்க?" நான் பெரும்பாலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன். ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டேன்.

பீபிம்மாவின் வீட்டுக்காரருக்கு யுத்தம் முடிந்த பிறகும் பட்டாளத்துச் சட்டை தைக்கிற வேலை வந்துகொண்டிருந்தது. அவர் தைத்துப் போட, பித்தான் துளைக்கு நூல் கட்டுகிற காஜா வேலையைப் பீபிம்மா வீட்டில் உட்கார்ந்து செய்வார். அப்பா கிளம்பியதும் நீயும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வாய். பதிலுக்கு ஒரு கிண்ணம் கோதுமைக் கஞ்சி வரும். பள்ளியிலிருந்து வந்ததும் அதை என் முன்னால் வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விடுவாய். எட்டாவது சேர வேண்டிய ஜூன் மாதம். முந்தின நாள்தான் நீ வழக்கம்போல, நிறுத்திடுங்க என்று சொல்லியிருந்தாய். அந்தக் கோபத்தில், அப்பா கேட்டதும் சொன்னேன்.

"அம்மா தெனம் பீபிம்மா வூட்டுக்குப் போவுது. சட்டைக்குக் காஜா எடுக்குது."

அவர் உன்னைக் கூப்பிட்டு, வாசல் வெளிச்சத்தில் உன் இடது கை விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஊசி குத்திய புள்ளிகள் இருந்தன. "ஆம்பிள சட்டை" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை எழுதப் போவதில்லை, உனக்கும் எனக்கும் தெரியும்.

மறுநாளிலிருந்து கஞ்சி நின்றுபோயிற்று. நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏண்டி சொன்னாய் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஏதாவது ஒன்று தீர்ந்திருக்கும். நீ பாட்டுக்கு என் கிழிந்த ரவிக்கைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாய். அந்தத் தையல் அவ்வளவு நுணுக்கமாக இருந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்புறம் மேஸ்திரி வந்தார். சுதந்திரம் வந்து சில மாதம் ஆகியிருக்கும். எனக்குப் பதினாலு முடிந்து, ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா வேலை செய்த கிடங்கின் மேஸ்திரிக்கு நாற்பது வயதுக்கு மேல், மனைவி இறந்து ஒரு வருஷம். அவர் என்னைக் கேட்டிருக்கிறார். மேஸ்திரிக்கு மாமனார் ஆவது என்றால் அப்பாவுக்குக் கசக்குமா. இரண்டு நாள் வீட்டில் அவர் கை ஓங்கவே இல்லை. அந்த இரண்டு நாளும்தான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. ஒரு சாயங்காலம் மேஸ்திரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், "பாவம், மூட்டு வலி அந்த ஆளுக்கு. துணி மூட்ட மேல குந்தினா எழுந்திருக்க மாட்டேங்கறாரு" என்று சிரித்தார். நீயும் இருந்தாய், நானும் இருந்தேன்.

நீ தடுப்பாய் என்று எனக்கு எங்கோ ஒரு மூலையில் நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மனசு அவ்வளவு உடைந்திருக்காது. நீயோ மகிழ்ந்துபோய்விட்டாய்.

"நல்ல எடங்க. சொந்த வூடு கீது. இது மூஞ்சிக்கு இத வுட நல்ல எடம் கெடைக்குமா? தை மாசமே முடிச்சிடுங்க" என்றாய். மறுநாளும் சொன்னாய். அதற்கு மறுநாளும் சொன்னாய். "மேஸ்திரி ரொம்ப நல்ல மாதிரின்னு தோணுது" என்றாய்.

"உனக்கு இன்னா அவ்ளோ அவசரம்?" என்று அப்பா கேட்டார். குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஸ்திரியும் அவர் அக்காவும் பெண் பார்க்க வந்தார்கள். நீ விடிந்ததுமே பெரிய கோலமாகப் போட்டாய். தலையில் பூ வைத்துக்கொண்டாய். நம் வீட்டில் ஆம்பிளை யாராவது வந்தால் நீ அடுப்படி மறைப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வர மாட்டாய். அன்று நீயே டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து மேஸ்திரி கையில் கொடுத்தாய். கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாய்.

"உங்க மூட்டு வலி இப்ப எப்பிடிக் கீது? பாய்ல குந்த முடியுதா?"

"பரவால்லம்மா" என்று மேஸ்திரி சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. எனக்கு உன்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. இப்படியா வழிவது என்று நினைத்தேன்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் அப்பா கதவைச் சாத்தினார். "அவனுக்கு மூட்டு வலின்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

நீ டம்ளரை எடுக்கக் குனிந்தாய். நீங்கதானே சொன்னீங்க என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நீ என்னை முறைத்தாய். சின்னதாகத் தலையை ஆட்டினாய். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"எந்தக் கையால டம்ளர் குடுத்த?" என்றார். நீ வலது கையை நீட்டினாய். பச்சைக் குச்சி முறிவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நீ அந்தக் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாய். அப்பா வெளியே போனதும் பீபிம்மா வந்து, ஒரு மூங்கில் பத்தையை வைத்து, சட்டை லைனிங் துணியைக் கிழித்துக் கட்டினார். வைத்தியரிடம் போக அப்பா விடவில்லை. சுண்டுவிரல் கோணலாகவே கூடிவிட்டது.

அந்தச் சம்பந்தப் பேச்சை இனி எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். ஆனால் மேஸ்திரியிடம் காரணம் சொல்ல வேண்டுமே. பெண்டாட்டி மேல் சந்தேகம் என்று சொல்ல முடியுமா. "பொண்ணு படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. படிச்சு முடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே, அதற்காக என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தார். பிறகு மேஸ்திரி வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்ட பிறகும், வாத்தியார் பயிற்சிக்கு என்னை அனுப்ப வேண்டாம் என்று நீ மன்றாடினாய், அவர் அனுப்பினார்.

நான் பயிற்சியில் இருந்தபோது அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். நீ அழுதாய். நிஜமாகவே அழுதாய். அதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேலை கிடைத்ததும் பீபிம்மாவுக்கு மிட்டாய் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது அவர்கள் ஆழ்வார்பேட்டைப் பக்கம் குடி மாறியிருந்தார்கள். நான் உன்னைப் பற்றி ஏதோ குறையாகச் சொன்னேன். எங்கம்மா நினைத்திருந்தால் நான் இன்றைக்குக் குழாயடியில் குடம் தூக்கிக்கொண்டிருப்பேன் என்று. பீபிம்மா ஊசியை நிறுத்தினார். மகளே என்று கூப்பிட அவருக்கு உருதுதான் வரும்.

"பேட்டி, ஒண்ணு கேக்கறேன். உங்கப்பா வேலைக்குப் போனப்புறம் உங்கம்மா ஒரு நாளாவது உன்ன திட்டிக்கிறாளா? நடுவுல பலக தான் இருந்துச்சு. எனக்குக் காது நல்லா கேக்கும்."

நான் யோசித்தேன். அப்படி ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை.

"உங்கம்மா நல்லாருக்குன்னு சொன்னது எதுவும் அந்த வூட்ல தங்கல. வாணாம்னு சொன்னது எல்லாம் தங்குச்சு. நீயும் தங்கின" என்றார். பிறகு மறுபடி காஜா எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து உன்னிடம் நேராகக் கேட்டேன். முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாய். எல்லாம் வேண்டுமென்றேதான் செய்தாயா, அந்த மூட்டு வலி, அந்தப் பூ, ஒவ்வொரு ஜூன் மாதமும்? நீ தலை நிமிரவில்லை.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. உன் முடி நெசமாவே தேங்கா நாரு தான்" என்றாய்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். இதே மாதிரி ஏதாவது சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாய். என்னிடம் அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்கு விடை எனக்கே தெரியும். அவரிடம் சொல்லியிருப்பேன். ஒரு தடவை சொல்லத்தானே செய்தேன்.

ஆனால் அம்மா, சந்தேகம் என்னை விட்டுப் போகவில்லை. உனக்கு உண்மையிலேயே என்னைப் பிடிக்காமல் இருந்திருக்கலாம். படிப்பு வேண்டாம் என்று நிஜமாகவே நினைத்திருக்கலாம். எல்லாம் தற்செயலாக நடந்திருக்கலாம். ஊசிக் குத்துப் புள்ளிகளை அவருக்குக் காட்டிக்கொடுத்தவள் நான். அந்தக் குற்றத்தோடு வாழ முடியாமல், அம்மா எல்லாவற்றையும் எனக்காகத் தாங்கினாள் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேனோ. பீபிம்மா நல்ல மனுஷி, என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லியிருக்கலாம். அப்பா போன பிறகு முப்பத்தைந்து வருஷம் இருந்தாயே. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ நல்லா செஞ்சடி என்று சொல்லியிருக்கலாமே. நான் தலைமையாசிரியை ஆனபோதுகூட, "ஸ்கூல் தூரமாச்சே" என்றுதான் சொன்னாய். கேட்க ஆள் இல்லாத வீட்டில் எதற்கு அந்த வேஷம்? அப்படியானால் அது வேஷமே இல்லையா? இதுதான் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரம். பதினோரு மணி இருக்கும், ஜன்னலில் நல்ல வெயில். புதிதாக வந்த நர்ஸ் உன் கையில் ஊசி போட இடம் தேடிக்கொண்டே கேட்டாள், "இவங்க யாரு பாட்டி உங்களுக்கு?"

"என் பொண்ணு" என்றாய். "டீச்சரு. ரொம்ப நல்ல பொண்ணு. நல்லா படிச்சுது. எனக்கு இத மாதிரி இன்னொண்ணு கெடைக்காது."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் ஆன பொம்பிளை, சட்டென்று திரும்பிக் கதவைப் பார்த்தேன். யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், இப்போது எது என்னிடமிருந்து போகப் போகிறது என்று.

நீ அதைப் பார்த்துவிட்டாய். நர்ஸ் போகும்வரை காத்திருந்தாய். பிறகு அந்தக் கோணல் விரல் கையால் என் மணிக்கட்டைத் தொட்டுச் சொன்னாய்.

"அங்க யாரும் இல்லடி."

அவ்வளவுதான் சொன்னாய். கண்ணை மூடிக்கொண்டாய். நான் ஆயுசு முழுக்கக் கேட்டதற்கு நீ கொடுத்த பதில் அது ஒன்றுதான். நான் கதவை ஏன் பார்த்தேன் என்று உனக்குத் தெரிந்திருந்தது. அது தெரிந்தவளுக்கு எல்லாம் தெரியும். வேஷம் நிஜமாகவே இருந்தது, அதைக் கழற்ற உனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. நான் உன் படுக்கையின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ தூங்குகிற மாதிரி இருந்தாய். தூங்கினாயா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது இந்த அரிசி. எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். கடைசி நாட்களில் உனக்கு நினைவு தவறி, அப்பா சாயங்காலம் வருவார் என்று பதித்திருக்கலாம். கன்னியம்மாவைச் சந்தேகப்பட்டிருக்கலாம், பாவம், அவள் ஒரு மணி அரிசி தொட மாட்டாள். அல்லது ஆயுசில் ஒரு தடவையாவது உன் கை பானைக்குள் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டிருக்கலாம். எதுவென்று எனக்குத் தெரியாது. எழுதுவதை நடுவில் நிறுத்தி எழுந்துபோய், என் வலது கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பத்து வயதில் சின்னதாக இருந்த கை இப்போது உன் கை அளவு இருக்கிறது. நாலு விரலும் பொருந்தி உட்கார்ந்தன. என் சுண்டுவிரல் மட்டும் பதிவுக்கு வெளியே போய்விட்டது. உன் கை படாத அரிசியின்மேல் போய் அது படிந்தது. அது கோணாமல் இருப்பதற்குத்தானே உன்னுடையது கோணியது என்று எனக்கு உரக்கச் சொல்ல வேண்டும்போல் இருந்தது, சொன்னேன். பிறகு இரண்டு ஆழாக்கு அரிசியை அந்தக் கையின் நடுவிலிருந்தே அள்ளி எடுத்தேன்.

செல்விதான் இன்று சமைத்தாள். ஆபீசுக்கு லீவு போட்டிருக்கிறாள். அவளை நான் ஒரு நாளும் நல்ல வார்த்தை சொல்லி வளர்க்கவில்லை. அவள் அப்பா தங்கமான மனுஷர், எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் பயப்பட வேண்டியதே இல்லை. இருந்தாலும் எனக்கு வாய் வரவில்லை. நல்லது என்று சொன்னால் அது போய்விடும் என்பது எலும்புக்குள் இருக்கிறது. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்தது படிப்பு மட்டும் இல்லை, இதுவும்தான்.

இலையில் சோறு போட்டுக் காரக்குழம்பு ஊற்றினாள். ஒரு வாய் சாப்பிட்டேன்.

"நல்லாருக்குடி" என்றேன்.

அவள் கரண்டியோடு நின்றுவிட்டாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "இன்னாம்மா ஆச்சு உனக்கு? என்னால எதுனா வேல ஆவணுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, தெரிந்தோ தெரியாமலோ, தலையைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்தாள். அது என் பார்வை அம்மா. நான் கற்றுக்கொடுக்கவே இல்லை, அவளுக்கு எப்படியோ வந்துவிட்டது.

"அங்க யாரும் இல்லடி" என்றேன். "நெசமாவே நல்லாருக்கு."

அவள் நம்பவில்லை. நம்பாமலே எனக்கு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.